எந்த இரண்டு மில்லிமீட்டர்?

எண்பதுகளில் தென்காசிப் பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு ஒரு வேலை தவறாமல் வரும். வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகியிருப்பார். மாலை போட்டு மாட்டப் படம் வேண்டும். கையில் இருப்பது ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். சில வீடுகளில் அதுவும் இல்லாமல், எப்போதோ எடுத்த ஸ்டாம்பு சைஸ் படம் மட்டும். அதைக் கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்து, "இதைப் பெருசாக்கித் தரணும்" என்பார்கள். நான் வேலை பழகிய ஸ்டூடியோவில் அண்ணாச்சி இதற்கென்றே மூன்று கறுப்பு வளையங்களை ஒரு தகர டப்பாவில் போட்டு, பூட்டி வைத்திருந்தார். எக்ஸ்டென்ஷன் ட்யூப்கள். நாங்கள் ட்யூப் என்றுதான் சொல்வோம்.

ட்யூபுக்குள் கண்ணாடி கிடையாது. வெறும் காற்றுதான். லென்சைக் கழற்றி, ட்யூபைக் கேமராவில் திருகி, அதன்மேல் லென்சைத் திருகினால் லென்ஸ் பிலிமை விட்டுத் தள்ளிப் போகிறது. அது தள்ளிப் போகப் போக, கிட்டத்தில் இருக்கும் பொருள் பிலிமில் பெரிதாக விழும். எவ்வளவு பெரிதாக என்று அறிய ஒரு வகுத்தல் கணக்கு போதும்: ட்யூபின் நீளத்தை லென்சின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ரஷ்ய ஜெனித்-இ. அதன் ஹீலியோஸ் லென்ஸ் 58 மி.மீ. ட்யூப்கள் 7, 14, 28 மி.மீ. பெரிய ட்யூபை மட்டும் போட்டால் ஏறக்குறைய பாதி அளவு; பாஸ்போர்ட் படம் பிலிம் சட்டத்தை நிரப்பிவிடும். மூன்றையும் சேர்த்து, லென்சின் ஃபோகஸ் வளையத்தையும் கடைசிவரை திருகினால், பொருளும் பிலிமில் விழும் பிம்பமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஸ்டாம்பு சைஸ் படங்களை அப்படித்தான் எடுத்தோம். ஊரில் பல வீட்டுக் கூடங்களில் இன்றும் தொங்கும் தாத்தா, பாட்டிகளின் படங்கள் இந்த வளையங்கள் வழியாக வந்தவை.

இப்போது அந்த வேலைக்கு ட்யூப் தேவையில்லை. ஸ்கேனரில் வைத்தால் நிமிடத்தில் முடிகிறது. கிழிசலையும் கறையையும் கம்ப்யூட்டரிலேயே சரிசெய்து விடுகிறார்கள். அண்ணாச்சி கடையை மூடியபோது அந்த டப்பாவை என்னிடம் கொடுத்தார்.

எனக்கு அந்த வளையங்கள்மேல் பற்று வந்தது வேறு வழியில். ஸ்டூடியோவின் பின்புறம் ஒரு மாமரம். அதில் முசுறு கூடு கட்டும். பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்துப் பந்துபோல் தைக்கும் அந்தச் செவ்வெறும்புகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை ஒழுங்கான வேலை என்று. ஒரு வரிசை எறும்புகள் ஓர் இலையின் விளிம்பில் காலூன்றி, எதிர் இலையின் விளிம்பைத் தாடையால் கவ்வி இழுத்துப் பிடிக்கும். எட்டாத தூரமானால் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கும். வேறு சில எறும்புகள் கூட்டுக்குள்ளிருந்து தம் புழுக்களை வாயில் தூக்கி வரும். புழுவின் தலையை இந்த விளிம்பில் ஒரு தொடல், அந்த விளிம்பில் ஒரு தொடல். தொடும் இடத்தில் புழு பட்டு இழை விடும். இலைகள் ஒட்டிக்கொள்ளும். வளர்ந்த எறும்புக்கு இழை வராது. தையல் முழுக்கப் புழுவின் உபயம்.

இதைப் படமெடுக்க அண்ணாச்சியிடம் டப்பாவைக் கேட்டேன். கொடுக்கும்போது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "போட்டோவக் காப்பி எடுக்கது லேசு. அது தட்டையா இருக்கும். எறும்பு தட்டையாவா இருக்கு? எந்த எடம் தெளிவா வேணும்னு நீதாம்ல முடிவு பண்ணணும்."

அவர் சொன்னதன் கணக்கு இது. ஒன்றுக்கு ஒன்று அளவில், லென்சை எஃப் 16 வரை மூடினாலும் தெளிவாக விழும் ஆழம் சுமார் 2 மி.மீ.தான். முசுறு எட்டு முதல் பத்து மி.மீ. நீளம். தாடை தெளிந்தால் வயிறு மங்கும். ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதில் பயனில்லை. வளையத்தை அப்படியே விட்டுவிட்டு, கேமராவையும் உடம்பையும் சேர்த்து மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி அந்த 2 மி.மீ.யைத் தேட வேண்டும். லென்சின் முகப்புக்கும் எறும்புக்கும் இடையே 10 சென்டிமீட்டர்கூட இருக்காது.

வெளிச்சம் இன்னொரு பாடு. லென்ஸ் தள்ளிப் போனால் பிலிமுக்கு வந்து சேரும் ஒளி குறையும். ஒன்றுக்கு ஒன்று அளவில் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரண்டு ஸ்டாப் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஜெனித்-இயின் ஒளிமானி கேமராவின் நெற்றியில் இருந்தது. லென்சின் வழியாகப் பார்க்காததால் ட்யூப் போட்டது அதற்குத் தெரியாது. கணக்கை நாம்தான் போட வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ பிலிம், 125 ஏஎஸ்ஏ, நல்ல வெயில், எஃப் 16 என்றால் வழக்கமாக நொடியில் 125-ல் ஒரு பங்கு. ட்யூப் போட்ட பிறகு 30-ல் ஒரு பங்கு. விரலை எடுக்கும்வரை திறந்திருக்கும் பி நிலையை விட்டால், அந்தக் கேமராவின் மிக மெதுவான வேகமே அதுதான். அதாவது உச்சி வெயிலில் மட்டுமே கணக்கு நேராகும். உச்சி வெயிலிலோ முசுறு ஓடித் திரியும். அது மந்தமாக நகரும் விடியற்காலைக் குளிரில் வெளிச்சம் போதாது. ஆனி, ஆடியில் சாரல் மேகம், கூடவே தென்காசிக் காற்று. இலை ஒரு நொடி நிற்காது. ட்யூப் எறும்பைப் பெரிதாக்கும்போது அந்த ஆட்டத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது.

ஆகவே பார்த்துக்கொண்டே இருப்பதுதான் முக்கால்வாசி வேலையாக இருந்தது. ரோலில் 36 படம். பிலிமின் விலையும் டெவலப் செய்யும் செலவும் சம்பளத்தில் கைவைக்கும். அழுத்துவதற்கு முன்னால் எந்த இடம் என்று மனதில் தீர்மானமாகியிருக்க வேண்டும். தாடையா, கண்ணா, புழுவின் தலையா, இரண்டு விளிம்புக்கும் நடுவே அப்போதுதான் விழுந்த வெள்ளை இழையா? நான் இழையைத் தேர்ந்தேன். ஊட்டியில் செய்த 'இந்து' பேப்பரில் நானே பிரின்ட் போட்ட அந்தப் படம் இன்னும் இருக்கிறது. இழையும் புழுவின் வாயும் கூர்மையாகத் தெரிகின்றன. புழுவைப் பிடித்திருக்கும் எறும்பு பின்னால் கரைந்து போகிறது. என் வாழ்நாளில் எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்த படம் அது. அந்தப் பேப்பரைச் செய்த அரசு ஆலை இப்போது இல்லை.

என் அக்கா மகள் விலங்கியல் படிக்கிறாள். அவளிடம் உள்ளே கண்ணாடி இல்லாத புதுக் கேமரா ஒன்று இருக்கிறது; மிரர்லெஸ் என்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு ஓர் அடாப்டர் வாங்கி, என் ஹீலியோசையும் அண்ணாச்சியின் மூன்று வளையங்களையும் அதில் திருகிக்கொண்டாள். நாற்பது ஆண்டுப் பழைய வளையம் இன்றைய கேமராவில் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. காற்றுக்கு வயதாவதில்லை. ஒளிக்கணக்கைக் கேமராவே போட்டுவிடுகிறது. தெளிவாக இருக்கும் விளிம்புகளைத் திரையில் சிவப்புக் கோடிட்டுக் காட்டுகிறது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் விடியற்காலை வெளிச்சமே போதும். நான் அன்று ஏங்கியதெல்லாம் இதற்குத்தான். மனதாரச் சொல்கிறேன், இது பெரிய வரம்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்ற ஒன்றையும் அவள்தான் காட்டினாள். ஃபோகசைத் துளித்துளியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியைக் கம்ப்யூட்டரில் சேர்த்தால், தாடையிலிருந்து வயிற்று நுனிவரை முழு எறும்பும் கூர்மையாக வந்துவிடுகிறது. இனம் பிரித்தறிய இதைவிட நல்ல வழி இல்லை. உடல் மயிர்களைக்கூட எண்ணலாம். அவளுடைய ஆசிரியர்கள் இதை வலியுறுத்துவது நியாயம்.

மாமரத்தடிக்கு இருவரும் போனோம். பழைய ஸ்டூடியோ மரம் இல்லை, வேறு தோட்டம். தைக்கும் எறும்புகளை அவள் ஸ்டாக் செய்து பார்த்தாள். சேர்த்த படத்தில் ஓர் எறும்புக்கு மூன்று தலை, புழுவுக்கு இரண்டு உடம்பு. வேலை செய்யும் உயிர் நிற்காதே. பிறகு ட்யூபோடு ஒவ்வொரு படமாக எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், "இழையப் பிடிம்மா" என்றேன். "இல்ல மாமா, எனக்குக் கண்ணு வேணும்" என்றாள். இலையை இழுத்துப் பிடித்து நின்ற ஓர் எறும்பின் கண்ணையும், விறைத்து நின்ற முன்னங்காலையும் எடுத்தாள். அந்த இழுவையின் பாரம் படத்தில் தெரிகிறது. எனக்கு அது தோன்றியதில்லை.

இன்றைக்கு எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்டாக்குக்கு அசையாத பூச்சி வேண்டும் என்பதற்காக அதைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். இன்னும் சிலர் காம்பில் பசை வைத்து ஒட்டுகிறார்கள். குளிரில் விறைத்த பூச்சியின்மேல் தண்ணீர் தெளித்து, பனித்துளி என்கிறார்கள். விடியலில் தானாக உறைந்து கிடக்கும் தட்டானைத் தொந்தரவு செய்யாமல் ஸ்டாக் செய்ய முடியும், பொறுமையுள்ளவர்கள் செய்கிறார்கள். மற்றது படம் எடுப்பதாகாது, வதைப்பதாகும்.

மேக்ரோ லென்ஸ் விலையைப் பார்த்துத் தயங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சாதாரண லென்சே போதும். ட்யூப் வாங்கும்போது மின்தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் இன்றைய லென்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்பர்ச்சரை மாற்ற முடியாது. ட்யூபோடு தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது, அது பழுதில்லை. எஃப் எண்ணை ரொம்ப ஏற்றாதீர்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப் 16 உண்மையில் எஃப் 32 போல நடந்துகொள்ளும், படம் முழுக்க மழுங்கும். கிட்டே போனால் பூச்சி ஓடுகிறதென்றால் நீண்ட லென்சில் ட்யூபைப் போடுங்கள். பெருக்கம் குறையும், இடைவெளி கூடும். முசுறு கூட்டுக்குப் போவதானால் வெயில் ஏறுமுன் போங்கள், கிளையைத் தொடாதீர்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும், நன்றாகவே எரியும்.