வீடியோவில் வராத நாற்றம்

கேள்வி: கொரோனா காலத்தில் ஆன்லைனில் படித்த பி.எஸ்சி. மாணவர்களுக்கு மார்க் ஏறியதே, படிப்பும் ஏறியதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வீட்டில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் மார்க் ஏறாமல் என்ன செய்யும்? அரியர்காரர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தாலே பாஸ் என்று அறிவித்தார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி (இறுதி செமஸ்டருக்கு மட்டும் சலுகை இல்லை). விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது தனிக்கதை.

அடி வாங்கியது பிராக்டிகல்தான். டைட்ரேஷனில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும் அந்த ஒரு சொட்டோடு பியூரெட்டை நிறுத்த விரல் பழக வேண்டும். கண் பார்த்தால் போதாது. உப்புப் பகுப்பாய்வில் ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் எந்த வீடியோவிலும் வராது. (அம்மாக்களுக்கு அது நிம்மதி!)

மாணவர்களைக் குறை சொல்லமாட்டேன். லேப் திறந்த பிறகும் விட்டுப்போன பிராக்டிகலை நடத்தாத கல்லூரிகளுக்குத்தான் என் ஃபெயில் மார்க்.