உசரமாப் பொறந்த வண்டியும் என் பேராண்டியும்

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. ராணுவ ஏலத்துல போன ஜிப்ஸி ஒண்ணைக் கைமாத்தி வாங்கிட்டியாமே, உங்கம்மா வந்து சொன்னா. ரொம்ப சந்தோசம். அத்தோட நிக்காம, அதைத் தரையோட தரையா இறக்கி, அகல டயர் மாட்டி, என்ஜினை மாத்திப் பறக்க விடப் போறேன்னும் சொன்னா. கேட்டதுல இருந்து எனக்குப் பெருமை தாங்கல. மலை ஏறுறதுக்குன்னே செஞ்ச வண்டியைப் பிள்ளையார்பாளையத்துல இருந்து தேரடி வரைக்கும் தவழ விடணும்னு தோணுதே, அதுக்குத் தனி மூளை வேணும்டா. அது நம்ம குடும்பத்துல பொறந்திருக்கு!

தாழ உக்காருறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். வாழ்நாள் பூரா தறிக்குழியில காலை விட்டு உக்காந்தவன் நான். தாழ உக்காந்தா முட்டிக்கு இன்னா ஆகும்னு மட்டும் என்னைக் கேளு.

உன் வண்டியோட பூர்வீகம் தெரியுமா உனக்கு? மாருதிக்காரன் 1985-ல கொண்டாந்தான். அப்ப 970 சிசி என்ஜின். 1996-ல 1300 சிசி வெச்சு ஜிப்ஸி கிங்னு பேர் போட்டான். 2000-த்துல எம்.பி.எஃப்.ஐ. வந்து 80 குதிரை ஆச்சு. முன்னாலயும் பின்னாலயும் முழு ஹவுசிங், நாலு மூலைக்கும் ஸ்பிரிங் பட்டை. பனி, மணல், ராலின்னு போகாத எடம் இல்ல. ராணுவமே வருசக்கணக்கா ஓட்டிட்டு, 2017-லதான் டாடா சஃபாரி ஸ்டோர்ம் 3,192 வண்டிக்கு ஆர்டர் கொடுத்துச்சு. தரைக்கும் அதோட வயித்துக்கும் 210 மில்லிமீட்டர் இடைவெளி. நாடே கையெடுத்துக் கும்பிட்ட அந்த 210-தான் இப்ப உன் கண்ணை உறுத்துது.

நீ போன்ல காட்டுன அந்த அமெரிக்கா பிக்கப்பையும் பார்த்தேன். ஜி.எம்.சி. சைக்ளோன், 1991. டர்போ போட்ட ஆறு சிலிண்டர், 280 குதிரை. ஒரு கார் பத்திரிகைக்காரன் அதை ஃபெராரி 348-ஓட ஓட விட்டான், கால் மைல்ல பிக்கப்புதான் முந்துச்சு. கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. ஆனா அதுல பாரம் எவ்வளவு ஏத்தலாம்னு நீ படிக்கலையே? 500 பவுண்டு, அதாவது 227 கிலோ. உங்க சித்தப்பனும் அவன் மச்சினனும் ஏறி உக்காந்தா, பின்னால ஒரு மூட்டை புடவை போட எடமில்ல. பிக்கப்புங்கிறது பேரு மட்டும்தான்! பெரிய கம்பெனி, கம்ப்யூட்டரும் என்ஜினீயரும் வெச்சுச் செஞ்சதுக்கே அந்தக் கதி. நீ பஞ்சர் கடை ஓரமா கேஸ் வெல்டிங் வெச்சுச் செய்யப் போறே. சைக்ளோனுக்கு நாலு சக்கரமும் எந்நேரமும் இழுக்கும். உன் ஜிப்ஸிக்கு ரோட்டுல பின் சக்கரம் ரெண்டுதான். காய்ஞ்ச தார் ரோட்டுல குச்சியைத் தள்ளி நாலையும் இழுக்க விட்டே, வளைவுல கியர் பெட்டி முறுக்கிக்கிட்டு அழும்.

சும்மா சொல்லக்கூடாது, உன் பேச்சுல நியாயமும் இருக்கு. ஜிப்ஸி ஒடுக்கம், உசரம். வளைவுல வேகமாத் திருப்பினா சாயும். பாடி கொஞ்சம் இறங்கினா பாரம் தாழ வந்து நிதானமா நிக்கும். அதுக்காகத்தான் நேத்து மத்தியானம் நீ தூங்கினப்ப, கோணியை விரிச்சு வண்டிக்கடியில படுத்துப் பார்த்தேன். யூ போல்ட்டுல துரு ஏறி மரை தெரியல. பட்டைக் கண்ணுல இருக்கிற புஷ்ஷு பிய்ஞ்சு நாக்கைத் தொங்கப் போட்டிருக்கு. ஒரு பட்டை மேல இன்னொரு பட்டை தேய்ஞ்ச எடம் மட்டும் வெள்ளி ஜரிகையாட்டம் மினுங்குது. இதையெல்லாம் பார்க்காமயே நீ பெயிண்டு கலர் முடிவு பண்ணிட்டியாமே!

இன்னொண்ணும் பார்த்தேன். பட்டையை இறக்கினா பாடிதான்டா இறங்கும். ஹவுசிங்கு சக்கரத்தோட கட்டிக்கிட்டது, அது இருந்த எடத்துலயேதான் இருக்கும். அதோட உசரத்தை டயர்தான் முடிவு பண்ணும். இப்ப இருக்கிற 205/70 ஆர் 15 டயருக்கு விட்டம் 668 மில்லிமீட்டர். நீ கேக்கிற 205/50 போட்டா 586. வித்தியாசத்துல பாதி, 41 மில்லிமீட்டர் இறங்கும். 210-ல 41 போனா 169. சரி, மோசமில்ல. ஆனா அந்தச் சின்ன டயர் போட்டா மீட்டரு 100 காட்டுறப்ப வண்டி 88-லதான் போகும். வேகமாப் போறதுக்குச் செலவு பண்ணி, வேகமாப் போறாப்ல முள்ளை மட்டும் ஆட்டி வைக்கிற உன் சாமர்த்தியம் யாருக்கு வரும்?

இறக்குறதுக்கு நாலு வழி இருக்கு. ஒண்ணு, கட்டுல ரெண்டு பட்டையை உருவிடறது. செலவே இல்ல. பிரேக் புடிச்சா ஹவுசிங்கு முறுக்கிக்கும், பள்ளத்துல விழுந்தா பாடி வந்து ரப்பர் ஸ்டாப்பர் மேல மொத்தும். ரெண்டாவது, பட்டையைக் காய்ச்சித் தட்டி நிமித்துறது. எஃகோட பதம் போயிடும், என்னிக்கு ஒடியும்னு ஜோசியக்காரனாலயும் சொல்ல முடியாது. மூணாவது, ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டை வெச்சு நீட்ட யூ போல்ட்டுல இறுக்குறது. பின்னால வேணும்னா நல்ல இரும்புக் கட்டையா வெச்சுக்க. முன்னால கனவுல கூட வைக்காதே, பிரேக் புடிக்கிற வேகமெல்லாம் அங்கதான் வந்து முட்டும். நாலாவதுதான் ஒழுங்கான வழி. பட்டை செய்யற பட்டறைக்குப் போயி, வளைவு கம்மியா, கண்ணைத் திருப்பிப் போட்ட புதுப் பட்டை அடிக்கச் சொல்லி, அதுக்கேத்த ஷாக் அப்சார்பரு மாட்டுறது. அப்பவும் ஸ்டியரிங்ல இருந்து சக்கரத்துக்குப் போற ராடு சாய்ஞ்சு நிக்கும். அதைச் சரிபண்ணலைன்னா நீ நேராப் புடிச்சாலும் ஒவ்வொரு குழியிலயும் வண்டி தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். உங்க பாட்டி பேச்சுக்கு நான் திரும்புறேனே, அப்படி.

இறக்கியாச்சு, தெருவுக்கு வா. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உசரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிப் போட்டா உன் வண்டியை ஒண்ணும் பண்ணாது. நம்ம தெருவுல வேகத்தடை போடுறவன் அந்தப் புத்தகத்தைப் படிச்சவனா? வீட்டு வாசல்ல மிச்சமான சிமெண்டைக் கொட்டிட்டுப் போறவன். காலையில தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு இழை சேர்க்கிற எடத்துல, நீ சைலன்ஸரை அறுத்துவிட்டு டமார் டமார்னு வந்தே, வையாத வாய் இருக்காது. வைகாசி கருட சேவை அன்னிக்குக் காந்தி ரோட்டுல வந்தியோ, பெருமாளை விட்டுட்டு உன்னைத்தான் சேவிப்பாங்க. அது மட்டும்தான் உன் நெனப்புன்னா சொல்லு, பட்டுத்துண்டு போத்தி உன்னையே திண்ணையில உக்கார வெச்சுடறேன். செலவு மிச்சம்.

ஆர்.டி.ஓ. ஆபீசும் கோயில் மாதிரிதான், வெளியில செருப்பைக் கழட்டிட்டுப் போ. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இன்னா சொல்லுது? கம்பெனி சொன்ன வெவரமும் ஆர்.சி.யில இருக்கிற வெவரமும் மாறுற மாதிரி வண்டியை மாத்தாதேங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் அடிச்சுச் சொல்லிச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா மாத்தின ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா ரெண்டும். ஒவ்வொண்ணுக்கும்னு சொல்றான் பாரு, அங்க விரலை மடக்கிக் கணக்குப் போடு. பழைய பலேனோ என்ஜினு ஜிப்ஸிக்குப் பொருந்தும்னு உன் கூட்டாளி சொல்றானே, மொதல்ல டி.என். 21 ஆபீசுல எழுத்துல அனுமதி வாங்கிட்டு அப்புறம் ஸ்பேனரை எடு. 15 வருசம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆர்.சி. புதுப்பிக்கணும். அன்னிக்கு உன் அலங்காரத்தை இன்ஸ்பெக்டரு ரசிக்க மாட்டாரு. இன்சூரன்ஸ்காரன்கிட்டயும் சொல்லிடு. மறைச்சா, முட்டினப்புறம் அவன் உன்னை யாருன்னு கேப்பான்.

என்ஜினுக்கு முன்னால வேறொண்ணு இருக்கு. தேர் இழுக்கிறப்ப நீயும் வடம் புடிச்சிருக்கே. ஆயிரம் பேர் இழுப்பான், கூவுவான், போட்டோ எடுத்துக்குவான். சக்கரத்துக்குப் பக்கத்துலயே முட்டுக்கட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடுறவனை எவனாவது திரும்பிப் பார்க்கிறானா? தேரைத் திருப்புறதும் அவன்தான், நிறுத்துறதும் அவன்தான். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் திருச்சி பெல் செஞ்சு கொடுத்துச்சே, கூடவே இன்னா மாட்டுனான்? ஹைட்ராலிக் பிரேக்கு. 96 அடி உசரம், 300 டன் கனம், ஆள் நடக்கிற வேகம். அதுக்கே மொதல்ல நிக்கிற வழியைத்தான் பார்த்தான். உன் ஜிப்ஸிக்கு முன்னால டிஸ்க்கு, பின்னால டிரம்மு. 80 குதிரைக்கு அளந்து வெச்சது. நீ குதிரையை மட்டும் கூட்டிக்கிட்டே போறே, லாயத்துக்குக் கதவு இல்ல.

அதனால வரிசை இப்படி வெச்சுக்க. மொதல்ல பிரேக்கு, அப்புறம் புஷ்ஷும் யூ போல்ட்டும் புதுசு, அப்புறம் பட்டையும் ஷாக்கும், அப்புறம் டயரு. என்ஜினு கடைசியில, காகிதம் கைக்கு வந்தப்புறம். ஒரு ஜான் இறக்காதே, ரெண்டு விரக்கடை போதும். வேகம் பார்க்கணும்னு நாக்கு ஊறினா, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில 1990-ல இருந்து ரேஸ் டிராக்கு இருக்கு, 3.7 கிலோமீட்டர். ஹெல்மெட்டு போட்டு, ஆம்புலன்சு நிக்கிற எடத்துல ஓட்டு. அங்க பாவும் இல்ல, பாட்டியும் இல்ல.

இந்த வரிசை கசந்தா, ஜிப்ஸியை மலைக்குப் போறவன் ஒருத்தனுக்கு வித்துட்டு, பொறக்கிறப்பவே தாழப் பொறந்த காரு ஒண்ணை வாங்கு. அதுவும் கசந்தா எங்கிட்ட வா, தறி சும்மாத்தான் கிடக்கு. ஆனா பிரேக்கு மாத்தாம இந்தத் தெருவுல என்ஜினைத் தட்டினே, சாவியைப் புடுங்கி உங்க பாட்டிகிட்ட கொடுத்துடுவேன்.