ஒன்றுக்கு முன்னால் பிறந்த இரண்டு

1979-ல் கலிஃபோர்னியாவில் ஒரு குட்டி கம்பெனி தன் முதல் டேட்டாபேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ஆரக்கிள், வெர்ஷன் 2. வெர்ஷன் 1 எங்கே? விற்றுத் தீரவில்லை, தொலையவில்லை. வெளியே வரவே இல்லை. முதன்முதலாகச் செய்த சரக்கை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று லாரி எல்லிசன் யோசித்தார். பிள்ளையை நேரே இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். அந்த வெர்ஷன் 2-ல் ட்ரான்ஸாக்ஷன் என்ற அடிப்படைச் சங்கதிகூடக் கிடையாது. அதாவது, பணத்தை ஒரு கணக்கில் கழித்துவிட்டு இன்னொன்றில் கூட்டுவதற்குள் கரண்ட் போனால் பணம் அம்போ. ஆனாலும் அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்று வாங்கியது. குண்டு போடுகிறவர்களே கேட்காத கேள்வியை மற்றவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்?

எல்லிசன் ஒருவரையே திட்டிப் பயனில்லை. ஊரே அப்படித்தான் இருந்தது. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், அலுவலகத்தில் நடந்த கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிப்பதற்காக ஒரு டேட்டாபேஸ் எழுதினார். வல்கன் என்று பெயர் வைத்தார். ஜார்ஜ் டேட் என்பவர் அதை வாங்கி, டிபேஸ் II என்று மாற்றி விற்றார். டிபேஸ் I என்று ஒன்று பூலோகத்தில் இல்லை. கம்பெனியின் பெயர் ஆஷ்டன்-டேட். ஆஷ்டன் என்று ஒரு பங்குதாரரும் இல்லை. கேட்பதற்குக் கனமாக இருக்கட்டும் என்று சேர்த்த பெயர் அது. பிற்பாடு கம்பெனிக் கிளிக்கு அந்தப் பெயரை வைத்ததாகக் கதை. இல்லாத ஆளும் இல்லாத முதல் பதிப்புமாக அந்தக் கம்பெனி பல ஆண்டுகள் ஜோராக நடந்தது.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலவர் ஐபிஎம்காரரான எட்கர் காட். 1970-ல், தகவலை அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஐபிஎம்மிடம் ஏற்கெனவே ஐஎம்எஸ் என்ற பழைய பாணிச் சரக்கு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எனவே மேலிடம் அவசரம் காட்டவில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் செய்துபார்த்து, அதைப் பற்றியும் அழகழகாகக் கட்டுரை வெளியிட்டது. எல்லிசன் அவற்றைப் படித்தார், கடை போட்டார். ஐபிஎம் 1983-ல் தன் பெரிய இயந்திரங்களுக்காக ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர் டிபி2. டிபி1 எங்கே என்று கேட்டால், ஐஎம்எஸ்தான் முதலாவதாம், இது இரண்டாவதாம். குறைந்தபட்சம் ஒரு விளக்கமாவது வைத்திருந்தார்கள்.

ஆக, இந்தத் துறையில் மூன்று பெரிய குடும்பங்களின் மூதாதையரும் ‘இரண்டாவது’ என்று சொல்லிக்கொண்டே அவதரித்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு, இன்று ராத்திரி டூட்டியில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பாருங்கள். போனில் யாரோ கேட்கிறார்கள்: “தம்பி, உங்க சர்வர் என்ன வெர்ஷன்?” எளிய கேள்வி. ஆனால் சர்வரிடம் அதைக் கேட்க, அது எந்த வம்சம் என்று முதலில் தெரிய வேண்டும். மைஎஸ்க்யூஎல்லிடமும் போஸ்ட்கிரெஸிடமும் கேட்கும் வாசகத்தை ஆரக்கிளிடம் சொன்னால் எரிந்து விழும். ஆரக்கிளிடம் கேட்பதை டிபி2-விடம் கேட்டால் அதற்குப் புரியாது. நீ யார் என்று கேட்பதற்கே அவன் யார் என்று தெரிந்திருக்க வேண்டிய தொழில் இது.

சரி, மைக்ரோசாஃப்ட் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவோம். 1987-ல் சைபேஸ் என்ற கம்பெனியோடு கைகோத்தது. அடுத்த ஆண்டு நம் ஆஷ்டன்-டேட்டும் பந்தியில் உட்கார்ந்தது. 1989-ல் எஸ்க்யூஎல் சர்வர் 1.0 வந்தது. சரக்கு சைபேஸுடையது, அட்டைப்பெட்டியில் பெயர் மற்ற இருவருடையது. பிறகு 1.1. அதற்கடுத்து 1992-ல் 4.2. இரண்டும் மூன்றும் எங்கே என்று தேட வேண்டாம். சைபேஸ் தன் வீட்டில் 4.2-ல் இருந்தது, எண்ணை அதற்கு ஒத்துவைத்துக்கொண்டார்கள். 1994-ல் விவாகரத்து. 1995-ல் மைக்ரோசாஃப்ட் தனியாக 6.0 வெளியிட்டது. ஐந்துக்கு என்ன ஆயிற்று என்று இருதரப்பும் சொல்லவில்லை. பிரிந்த பிறகும் சில காலம் இரண்டு கம்பெனிகளும் எஸ்க்யூஎல் சர்வர் என்ற ஒரே பெயரில் கடை நடத்தின. கடைசியில் சைபேஸ்தான் பெயரை மாற்றிக்கொண்டது.

அப்புறம் ஆண்டுக் கணக்கு தொடங்கியது. 2000 என்று விற்கும் சரக்கு உள்ளுக்குள் 8. 2005 என்பது 9. 2008 என்பது 10. 2008 ஆர்2 என்று ஒன்று வந்தது. 11 என்று சொல்ல மனம் வரவில்லை, 10-ல் நிறுத்தவும் மனம் வரவில்லை, ஆகவே 10.50. பெட்டியின் மேல் ஒரு எண், உள்ளே ஒரு எண் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சர்வரிடம் நேரடியாக வெர்ஷன் கேட்டால் அது தரும் பதில்தான் வில்லங்கம். முதலில் தன் எண்ணைச் சொல்லும். கடைசியில், கேட்காமலே, தான் குடியிருக்கும் விண்டோஸின் விவரத்தையும் சேர்த்துச் சொல்லும். அந்த வாலில் ‘சர்வீஸ் பேக் 3’ என்று இருக்கும். அது விண்டோஸுக்குப் போட்ட பேக். டேட்டாபேஸுக்கு ஒன்றுமே போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கண்ணில் படுவது அந்தக் கடைசி வரிதான்.

இது வெறும் குழப்பம் என்று நினைப்பவர்களுக்கு 2003 ஜனவரி 25-ஐ நினைவுபடுத்துகிறேன். அன்று ஸ்லாமர் என்ற புழு கிளம்பியது. மொத்தமே 376 பைட். இந்தப் பத்தியைவிடச் சிறியது. எந்தக் கதவு வழியாக நுழைந்தது தெரியுமா? யுடிபி 1434. அந்தக் கதவின் உத்தியோகமே, வெளியிலிருந்து யாராவது வந்து “இங்கே எந்தெந்த எஸ்க்யூஎல் சர்வர் இருக்கிறது, என்ன வெர்ஷன்?” என்று விசாரித்தால் பதில் சொல்வது. உலகத்திலேயே வெர்ஷன் கேட்பதற்கென்று வைத்த வாசலில்தான் ஓட்டை. ஏறத்தாழ எட்டரை நொடிக்கு ஒருமுறை புழு இரட்டிப்பானது. பத்து நிமிடத்தில், பிடிக்கத் தக்க கணினிகளில் பத்துக்கு ஒன்பதைப் பிடித்துவிட்டது. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் ஆயிரக்கணக்கில் படுத்தன. ஒஹாயோவில் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில், பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை சுமார் ஐந்து மணிநேரம் இருண்டு கிடந்தது. நல்லவேளையாக அந்த உலையே அப்போது வேறொரு ஓட்டைக்காக ஏற்கெனவே மூடிக்கிடந்தது.

இதற்கான ஒட்டு 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆறு மாதம் ஏன் யாரும் போடவில்லை? சோம்பேறித்தனம் ஒரு பங்கு. இன்னொரு பங்கு, தங்களிடம் அந்தச் சர்வர் இருப்பதே பலருக்குத் தெரியாது. எம்எஸ்டிஇ என்ற அதன் இலவசத் தம்பி வேறு மென்பொருள்களுக்குள் ஒளிந்துகொண்டு ஓசையில்லாமல் குடியேறியிருந்தான். தெரிந்தவர்கள் வெர்ஷன் கேட்டுப் பார்த்தார்கள். எஸ்க்யூஎல் சர்வர் 2000-க்கு அந்த ஒட்டையும் சேர்த்துக்கொண்டு வந்தது சர்வீஸ் பேக் 3. அந்த நாளில் விண்டோஸ் 2000-க்கும் நடப்பில் இருந்தது சர்வீஸ் பேக் 3. ஒட்டே போடாத சர்வர் 8.00.194 என்று முதல் வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் ‘சர்வீஸ் பேக் 3’ என்று முடிக்கும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். 760 என்று இருந்தால்தான் டேட்டாபேஸின் சர்வீஸ் பேக் 3 போட்டிருக்கிறது என்று அர்த்தம். நேர்மையான பதில் வேண்டுமென்றால் ‘ப்ராடக்ட் லெவல்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க ஒரு வசதி இருப்பது, அதைத் தேட வேண்டியவர்களுக்குத்தான் கடைசியில் தெரியும்.

ஆரக்கிளோ இதற்குள் எழுத்துச் சேர்க்க ஆரம்பித்திருந்தது. 8-க்குப் பின்னால் ‘ஐ’, இன்டர்நெட் காலம். 10-க்கு ‘ஜி’; கிரிட் என்று ஒரு மோகம். 12-க்கு ‘சி’, க்ளவுட். எந்த ஆண்டில் எந்தப் பேச்சு மார்க்கெட்டில் ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை. 12.2-க்குப் பிறகு 12.2.0.2 என்று வர வேண்டியது, 2018-ல் 18சி என்ற பெயரில் வந்தது. 12.2.0.3 ஆக வேண்டியதுதான் 19சி. ஒரே தாவலில் ஐந்து எண் காணாமல் போயின, ஆனால் உள்ளே ஒரு புள்ளி நகர்ந்ததுதான். 23சி என்று அறிவித்த சரக்கை, ஏஐ புயல் அடித்ததும் 23ஏஐ என்று திருத்திவிட்டார்கள். முதல் பதிப்பையே ஒளித்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

பல்கலைக்கழகத்தில் பிறந்த போஸ்ட்கிரெஸ் நியாயவான். அது பொய் சொல்லாது; புரியாமல் சொல்லும், அவ்வளவுதான். 9.5-லிருந்து 9.6-க்குப் போவது பெரிய இடமாற்றம், 9.6.2-லிருந்து 9.6.3 சின்ன ஒட்டு. 2017-ல் இந்த முறையை விட்டார்கள். 10 வந்தது; அதற்கப்புறம் 10-லிருந்து 11-தான் பெரிய மாற்றம், 10.1 வெறும் ஒட்டு. நல்ல முடிவுதான். ஆனால் பதிப்பை எழுத்தாக வைத்து ஒப்பிடும் நிரல்களுக்கு 10 என்பது 9.6-ஐவிடச் சிறியது, ஏனென்றால் ஒன்று ஒன்பதுக்கு முன்னால் வருகிறது. புது சர்வரைப் பார்த்து “நீ ரொம்பப் பழசு, அப்கிரேட் பண்ணு” என்று சொல்லும் நிரல்கள் உண்டாயின. இதற்காகவே சர்வர் தன் எண்ணை முழு எண்ணாகவும் தரும்: 9.6.3 என்றால் 90603, 10.1 என்றால் 100001. இடையில் அந்தச் சுழியங்கள் எதற்கு என்று கேட்டுத் தலையைச் சொறிவது நம் பொறுப்பு. இன்னொன்று: கட்டளை வரியில் ‘பிஎஸ்க்யூஎல்’லிடம் வெர்ஷன் கேட்டால் அது தன் வயதைத்தான் சொல்லும். அது வெறும் தூதன். சர்வர் வேறு ஊரில் வேறு வயதில் இருக்கலாம்.

இந்தத் தூதன் விஷயத்தில் மைஎஸ்க்யூஎல்லை அடிக்க ஆளில்லை. 5.7 காலத்தில் அதன் கட்டளைக் கருவியிடம் வெர்ஷன் கேட்டால் ‘14.14’ என்று முதலில் வரும். பையன் சந்தோஷமாக “பதினாலு சார்” என்பான். மைஎஸ்க்யூஎல் பதினாலாவது வெர்ஷனை எட்டியதே இல்லை. 14.14 என்பது அந்தக் கருவியின் சொந்த எண். நாம் தேடும் 5.7 கொஞ்சம் தள்ளி, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும். 5.7-க்குப் பிறகு 2018-ல் 8.0 வந்தது. ஆறு பாதியில் கைவிடப்பட்ட கரு. ஏழாம் எண்ணை க்ளஸ்டர் என்ற பங்காளி எடுத்துக்கொண்டான்.

மைஎஸ்க்யூஎல்லைப் பெற்றவர்களில் ஒருவரான மாண்டி விடேனியஸ் தன் மகள் ‘மை’யின் பெயரை அதற்கு வைத்தவர். 2008-ல் சன் கம்பெனி அதை 100 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு சன்னையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. மாண்டிக்குப் பொறுக்கவில்லை. மூல நிரலைப் பிரதியெடுத்துக்கொண்டு, இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி தொடங்கினார். நடுவில் மகன் மேக்ஸுக்கும் ஒரு டேட்டாபேஸ் உண்டு. குடும்ப அட்டையே முழுசாக வந்துவிட்டது.

கொஞ்ச நாள் இரண்டும் ஒரே எண்ணில் போயின. 5.5-க்குப் பிறகு, இனி நம் வழி தனி என்று மரியாடிபி 10.0-க்குத் தாவியது. அங்கேதான் சிக்கல். ஒரு சர்வரிலிருந்து தகவலை நகலெடுத்துக்கொள்ளும் மைஎஸ்க்யூஎல், எதிராளியின் வெர்ஷனில் முதல் எழுத்தை மட்டும் பார்க்கும்படி எழுதப்பட்டிருந்தது. இரண்டு இலக்க வெர்ஷன் ஒருநாள் வரும் என்று எழுதியவர்கள் நினைக்கவில்லை. 10-ன் முதல் எழுத்து 1. “அடையாளம் தெரியாத வெர்ஷன்” என்று கதவைச் சாத்திவிடும்.

மரியாடிபி என்ன செய்தது? அடுத்த வீட்டுக்காரனின் நிரலைத் திருத்த முடியாது. தன் பெயரை மாற்றிக்கொண்டது. யார் இணைப்புக்கு வந்தாலும் ‘5.5.5-10.0’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. மைஎஸ்க்யூஎல் 5.5.5 என்பது ஒரு சோதனை வெளியீடு, 5.5 பொதுமக்களுக்கு வந்ததே 5.5.8-ல்தான். இப்படியாக, 10-ஆம் வெர்ஷனில் இருக்கும் ஒரு சர்வர், முழுசாக வெளிவராத ஒரு 5-ஆம் வெர்ஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கலாயிற்று. நகலெடுப்பு நடந்தது. ஆனால் “குறைந்தது 5.7 வேண்டும்” என்று நிபந்தனை வைத்திருந்த மென்பொருள்கள் வந்து பார்த்து, 5.5.5 என்று படித்து, திரும்பிப் போயின. பாதுகாப்புச் சோதனைக் கருவிகளும் ‘பத்து வருடப் பழைய சர்வர்’ என்று சிவப்பு மை அடித்தன. டெபியன் 9-லிருந்து மைஎஸ்க்யூஎல் கேட்டவர்களுக்கு மரியாடிபியைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். தான் நிறுவியது மைஎஸ்க்யூஎல் என்றே நம்பிக்கொண்டிருந்தவர்கள், அது மரியாடிபி என்பதையும், அது 5.5 அல்ல என்பதையும் ஒரே நாளில் தெரிந்துகொண்டார்கள்.

இணைப்பு நிரல்களை எழுதுகிறவர்கள் வேறு வழியில்லாமல், வெர்ஷன் 5.5.5 என்று தொடங்கினால் அதை நறுக்கிவிட்டு மீதியைப் படி என்று ஒரு வரி சேர்த்தார்கள். 2023-ல் 11 வந்தபோது மரியாடிபி அந்தச் சட்டையைக் கழற்றியது. நறுக்கும் வரியை மட்டும் யாரும் நீக்க முடியாது. 10.11 வரிசைக்கு 2028 பிப்ரவரி வரை பராமரிப்பு உண்டு. அதுவரை அது தன்னை 5.5.5 என்றுதான் சொல்லிக்கொள்ளும்.