புறாமலைக்குப் போற தம்பிக்கு

வாரும் தம்பி, இரும். அந்தப் பையை இறக்கி வையும். உள்ளுக்கு அரைவாசிக் கடை கிடக்குது போல. எல்லாம் கொழும்பில வாங்கினதோ? நல்லது, கடைக்காரனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே.

நிலாவெளிக் கரையில இருந்து புறாமலைத் தீவு ஒரு கிலோமீற்றர்தான். மே தொடங்கிச் செப்டெம்பர் மட்டும் கடல் சாதுவாக் கிடக்கும். மாரியில வந்து நிண்டு, "ஏன் ஐயா தண்ணி கலங்கிக் கிடக்கு?" எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம். அதை வாடைக்காத்திட்டத்தான் கேக்கவேணும். காலமை வெள்ளனப் போம். வெயில் ஏற ஏற ஆக்களும் கூடுவினம். பேந்து மீனை விட்டிட்டு மற்றவையின்ர காலைத்தான் பாக்கலாம்.

காசு செலவழிக்கிறதெண்டால் தண்ணிக்குள்ள பாக்கிற மாஸ்க்குக்குச் செலவழியும். வாரைப் போடாமல் முகத்தில வைச்சு, மூக்கால மூச்சை இழும். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நிண்டால் அது உம்மட முகத்துக்குத் தோது. விழுந்தால், என்ன பேர் போட்ட சாமான் எண்டாலும் திருப்பிக் குடும். உந்த மீசை வடிவுதான், பெண்சாதிக்கும் பிடிச்சிருக்கும். ஆனா அதுக்குள்ளாலதான் தண்ணி வரும். மூக்குக்குக் கீழ ஒரு கோடு மழியும். மனம் வரேல்லையெண்டால் வஸ்லினைப் பூசும். புது மாஸ்க் எண்டால் உள்கண்ணாடியை வெள்ளைப் பற்பசையால நல்லாத் தேய்ச்சுக் கழுவும். புதுக் கண்ணாடியில படிஞ்சிருக்கிற படலம் போகுமட்டும் புகார் மூடிக்கொண்டே இருக்கும். பிறகு ஒவ்வொரு முறையும் இறங்கமுன்னம் உள்ளுக்குத் துப்பித் தேய்ச்சு அலசும். என்ன, அருவருக்கிறீரோ? குழந்தைப்பிள்ளை ஷாம்பு ஒரு சொட்டும் அதே வேலையைச் செய்யும். துப்பலுக்குக் காசில்லை எண்டுதான் சொன்னனான்.

மூச்சு விடுற குழாய் நீளமா இருந்தால் இன்னும் ஆழத்துக்குப் போகலாம் எண்டு படிச்ச பொடியன் ஒருவன் எனக்கு வகுப்பெடுத்தான். நீளக் குழாயில விட்ட மூச்சு வெளிய போகாது, அதையேதான் திரும்ப இழுக்கவேணும். தண்ணியும் நெஞ்சை அமத்தும். 40 சென்ரிமீற்றருக்கு மேல வேண்டாம். குழாய்க்குள்ள தண்ணி வந்தால் பலமா ஒரு ஊது, காணும்.

காலுக்குப் போடுற ஃபின்ஸோட முன்னுக்கு நடந்து தாரா மாதிரி விழாதேயும். பின்பக்கமா நடந்து இறங்கும். தண்ணிக்குள்ள சைக்கிள் மிதிக்கிறேல்ல, இடுப்பில இருந்து மெதுவாக் காலை ஆட்டும். முதுகு கருகாமல் இருக்க நீளக் கைச் சட்டை போடும். வெயில் கிறீமை வழியவழியப் பூசவேண்டாம், சில கிறீமில போடுற சாமான் முருகைக்கல்லுக்கு நஞ்சாம். ஹவாயில 2021 இல இருந்து அந்தச் சாமான் போட்ட கிறீமை விக்கவே விடுறேல்லையாம். லைஃப் ஜாக்கெட் போட வெக்கப்படாதேயும். மீன் ஒண்டும் சிரிக்காது.

முருகைக்கல்லில மட்டும் கால் வைக்காதேயும். கல்லெண்டு பேர், ஆனா உயிர். உருண்டைக் கல்லு வருஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம், நீர் ஒரு படத்துக்கு நிண்டு முறிச்சுப்போடுவீர். உம்மட காலும் கிழியும், ஆற நாளெடுக்கும். 2003 இல புறாமலையைத் தேசிய பூங்கா ஆக்கினவை. ஒரு துண்டைச் சட்டைப்பைக்குள்ள போட்டாலும் குற்றம்.

செட்டை நுனி கறுத்த சுறாவைக் கண்டால் அலறவேண்டாம். அஞ்சடி வந்தால் அது பெரிசு, உம்மைக் கண்டு அதுதான் ஓடும். தண்ணிக்குள்ள எல்லாம் மூண்டில ஒரு பங்கு பெரிசாத் தெரியும், அதால கண் ஆறரை அடி எண்டு சொல்லும். கொழும்பு போய்ச் சேரேக்க அது பத்தடி ஆகியிருக்கும். அதை நான் மறுக்கமாட்டன்.

சுழியோடிக் காட்டவேணும் எண்டு மூச்சை வேகவேகமா இழுத்து விட்டிட்டுத் தாழாதேயும். அப்பிடிச் செய்தால் தண்ணிக்குள்ள மயக்கம் வரும், அது சொல்லிக்கொண்டு வராது. தனியப் போகாதேயும். சாராயம் திரும்பி வந்த பிறகு.

வள்ளக்காரனிட்டத் திரும்புற நேரத்தைச் சொல்லிப்போட்டு இறங்கும். முழுக் காசையும் முன்னுக்கே குடாதேயும். அரைவாசியைக் கரைக்கு வந்து குடும், அப்பதான் நேரத்துக்கு வந்து ஏத்துவான்.