பெஹாலாவில் ஒரு பியரோகி

போலந்து போய் வந்த நம்மவர் ஒவ்வொருவருக்கும் அசல் பியரோகி கிடைக்கும் கடை ஒன்று தெரிந்திருக்கிறது. ஒருவர் சொன்ன கடையை இன்னொருவர் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. கோதுமை மாவை வட்டமாகத் தேய்த்து, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தை அழுத்தி, கொதிநீரில் போடுகிறார்கள்; மேலே வதக்கிய வெங்காயம். இதற்கு வார்சா வரை டிக்கெட்.

கொல்கத்தாவின் பெஹாலாவில், ஜனவரி நடுவில் பௌஷ சங்கராந்திக்கு, இதே மடிப்பு வேலை வீடுகளில் நடக்கிறது. அரிசி மாவு; உள்ளே தேங்காயும் புது ஈச்சவெல்லமும். புலி பிட்டே என்பார்கள். பாலில் வெந்தால் தூத் புலி. நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஜோக்கா–தாரதலா மெட்ரோ 2022 டிசம்பரில் திறந்துவிட்டதால் போவதும் சுலபம்.

போன இடத்தில், ‘மிகச் சிறந்தது யார் வீட்டில்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மாமியாரும் அங்கேதான் நிற்பார், மருமகளும் அங்கேதான் நிற்பார். தெருவில் கேட்டாலோ மோமோ கடையைக் கை காட்டுவார்கள். ‘வாவ் மோமோ’ 2008இல் பிறந்த ஊராயிற்றே! அங்கே வரிசையில் நின்றாவது சாப்பிடலாம். தூத் புலிக்கு யாராவது வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். அதற்கு எந்தச் செயலியிலும் முன்பதிவு கிடையாது.