சார்ஜ் நிற்கவில்லையா? ஜாப் கார்டை எடுங்கள்!

ஈரோடு வாசகர்: 120 கி.மீ. ஓடும் என்று சொல்லித்தான் மின்ஸ்கூட்டரை விற்றார்கள். 85-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. பேட்டரி கோளாறா?

அந்த 120 சோதனைக்கூடத்துக் கணக்கு. பின்னால் ஆள், முன்னால் அரிசி மூட்டை, வழியில் நாலு மேம்பாலம் எல்லாம் அதில் கிடையாது. விளம்பரத்தை விடுங்கள். உங்கள் வண்டி முதல் மாதத்தில் எவ்வளவு ஓடியதோ, அதோடு ஒப்பிடுங்கள். அப்போதும் 85 என்றால் பேட்டரி சுகமாக இருக்கிறது. 50-க்கு இறங்கினால் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

திருப்பூர் வாசகி: மீட்டரில் 30 சதவீதம் இருக்கும்போதே, மேடு ஏறினால் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. சர்வீஸில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' போட்டு அனுப்புகிறார்கள். நாலு நாளில் மறுபடி அதே கதை!

பேட்டரிக்குள் பல செல்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒன்று சோர்ந்துபோனாலும், மேட்டில் இழுக்கும்போது அதன் வோல்டேஜ் படுத்துவிடும். உடனே பிஎம்எஸ் என்கிற காவல் சர்க்யூட் மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும். மீட்டர் காட்டும் 30, கூட்டத்தின் கணக்கு. சோர்ந்த செல்லின் கணக்கு அல்ல. அப்டேட் மீட்டரைத் திருத்தலாம், செல்லைத் தேற்றாது. 'செல்வாரியாக வோல்டேஜ் ரீடிங் எடுத்துக் கொடுங்கள்' என்று கேளுங்கள். மற்றவை 3.6 வோல்ட்டில் நிற்க, ஒன்று மட்டும் 3.2-இல் கிடந்தால் குற்றவாளி சிக்கியாயிற்று.

சர்வீஸுக்கு விட்டபோது எழுதித் தந்த பழைய ஜாப் கார்டுகள் வீட்டில் இருக்கும், அவற்றையும் எடுத்துப் பாருங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதியிருந்தால் உங்கள் புகார் எங்குமே பதிவாகவில்லை. '30 சதவீதத்தில் மேட்டில் வண்டி நிற்கிறது' என்று எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், ஒவ்வொரு முறையும். வாரண்டி முடிகிற சமயத்தில் 'இது புதுப் புகார்' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

மதுரை வாசகர்: ஓட்டி வந்ததும் சார்ஜ் போடலாமா?

சித்திரை வெயிலில் வந்த வண்டிக்கு வேண்டாம். அரை மணி நேரமாவது நிழலில் ஆறட்டும்.

ஆம்பூர் வாசகி: ராத்திரி மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். பரவாயில்லையா?

இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள். 2022 மார்ச்சில், உங்கள் பக்கத்து வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்பைக் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து ஏஐஎஸ்-156 என்கிற பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. இருந்தாலும், வீட்டைவிட்டு வெளியேறும் வழியில் வண்டி நிற்கவே கூடாது. காற்றோட்டமான இடம், கம்பெனி கொடுத்த சார்ஜர், நீங்கள் விழித்திருக்கும் நேரம்: இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: தெரிந்த மெக்கானிக், 'பிரித்து ரெண்டு செல் மாற்றினால் போதும்' என்கிறார்...

வாரண்டி இருந்தால் சீலில் கைவைக்க விடாதீர்கள். கம்பெனி கைவிரிக்க அது ஒன்றே போதும். வாரண்டி முடிந்திருந்தாலும், தேய்ந்த செல்களோடு புதுச் செல் ஒத்துப்போகாது.

தஞ்சாவூர் வாசகர்: 'பார்ட் வரவில்லை' என்று ரெண்டு மாதமாக வண்டி சர்வீஸ் சென்டரில் கிடக்கிறது. தவணை மட்டும் தவறாமல் போகிறது. கவுண்டரில் சண்டை போடாத நாளில்லை!

கவுண்டர் பையனிடம் பேட்டரியும் இல்லை, அதிகாரமும் இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. அது போய்ச்சேர வேண்டிய இடம் வேறு. ஜாப் கார்டு நகல்களோடு கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார். (ஒற்றை ஆள் புகாரால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். ஒரே மின்ஸ்கூட்டர் கம்பெனி மேல் ஓராண்டில் 10,000-க்கும் அதிகமான புகார்கள் அங்கே குவிந்தன. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு நோட்டீஸ் அனுப்பியது.) அப்போதும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் தஞ்சாவூரிலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை இது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆட்டோ, டாக்ஸிக்கு அழுத பில்களையும் சேருங்கள். கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். வண்டியோடு சேர்ந்து உங்கள் சிபில் மதிப்பெண்ணும் படுக்க வேண்டாம்.

சேலம் வாசகர்: செத்துப்போன பேட்டரியைக் காயலான் கடையில் எடைக்குப் போடலாமா?

லித்தியம் பேட்டரியா? போடாதீர்கள். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாலே தீப்பிடிக்கலாம். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியதற்கு விலை பேசும்போதே, பழையதற்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.