காக்கை உட்கார, தலைசுற்றல் நின்றதா?

கே: எனக்கு மெனியர் நோய் என்கிறார் காது-மூக்கு-தொண்டை டாக்டர். மெனியர் என்பது கிருமியா?

ப: மனிதர். பாரிசில் காது கேளாதோர் நிறுவனத்தில் மருத்துவராக இருந்த ப்ராஸ்பர் மெனியர். தலை சுற்றிச் சாய்பவர்களுக்கெல்லாம் மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ‘மூளை அல்ல, உள்காது’ என்று 1861இல் எடுத்துச் சொன்னார். உள்காதில் திரவம் பெருகி அதன் அறைகள் உப்பியிருப்பதை 1938இல் லண்டனில் ஹால்பைக்கும் கெய்ர்ன்ஸும், ஜப்பானில் யமகாவாவும் தனித்தனியே கண்டார்கள். ஏன் பெருகுகிறது என்பதற்கு இன்றுவரை ஒரே விடை கிடையாது. விடை இல்லாத நோய்க்குத்தான் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். கவனமாக இருங்கள்.

கே: கட்டிலில் புரண்டு படுத்தாலே அரை நிமிடம் உலகம் சுற்றுகிறது. இதுவும் மெனியரா?

ப: பெரும்பாலும் இல்லை. புரளும்போது சில விநாடிகள் சுற்றுவது, உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதால் வருவது. தலையைச் சில கோணங்களில் திருப்பிப் படுக்க வைத்தே டாக்டர் சரிசெய்துவிடுவார். மெனியரின் சுற்றல் 20 நிமிடமாவது நீடிக்கும், 12 மணி நேரம் வரைகூடப் போகும். கூடவே அதே காதில் அடைப்பு, இரைச்சல், மந்தம். கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்காமல் இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளாதீர்கள்.

கே: காரணம் ஹெர்பிஸ் வைரஸ்தான், அசைக்ளோவிர் போட்டால் போய்விடும் என்கிறார் நண்பர். போடலாமா?

ப: நண்பர் காற்றில் பேசவில்லை. உதட்டுக் கொப்புளம் தரும் அந்த வைரஸ், வந்த பிறகு நரம்பு முடிச்சுகளில் ஆயுளுக்கும் பதுங்கியிருக்கும். அது காது நரம்பில் விழித்துக்கொள்வதே காரணம் என்று அமெரிக்காவின் டாக்டர் ரிச்சர்ட் கேசெக் வெகுகாலம் வாதாடினார். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் அதே இன மருந்தான ஃபாம்சைக்ளோவிரையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். செவித்திறனின் ஏற்ற இறக்கம் சற்று அடங்கியது போலத் தெரிந்தது, சுற்றலில் சொல்லும்படி மாற்றமில்லை. இருபத்துச் சொச்சம் பேரிடம் நடந்த ஆய்வு அது. மேலும் ஆராய அது போதும், நீங்கள் மருந்துக்கடைக்கு ஓட அது போதாது. அசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு அளவு மிஞ்சினால் மனக்குழப்பம் வரும், தலைசுற்றலேகூட வரும்.

கே: அமெரிக்காவிலிருக்கும் நாத்தனார் லைசின், எலுமிச்சை பயோஃப்ளேவனாய்டு, ஜிங்கோ, வின்போசெட்டின் எல்லாம் அனுப்பினார். மூன்றாம் மாதத்திலிருந்து சுற்றலே இல்லை. டாக்டர் நம்ப மறுக்கிறார். நீங்களாவது நம்புவீர்களா?

ப: சுற்றல் நின்றதை முழுமையாக நம்புகிறேன், மனமார மகிழ்கிறேன். வாந்தியும் பயமுமாகச் சுவரைப் பிடித்து நடந்தவருக்கு இந்த நிம்மதியின் அருமை தெரியும். மாத்திரைதான் நிறுத்தியது என்பதில்தான் எனக்குத் தயக்கம். மெனியர் தானாக வரும், தானாக அடங்கும், மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது மருந்தைத் தேடுகிறோம், அதற்குப் பிறகு அது இறங்கத்தான் செய்யும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

டாக்டர்கள் நம்பிக் கொடுக்கும் மருந்துக்கும் இதே சோதனை நடந்தது. ஜெர்மனியில் 221 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை, மற்ற இரண்டுக்கும் தினம் 48, 144 மில்லிகிராம் பீட்டாஹிஸ்டின் என ஒன்பது மாதம் கொடுத்தார்கள். 2016இல் முடிவு வந்தது: மூன்று பிரிவிலும் சுற்றல் குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு! 1981இல் வெளியான டென்மார்க் ஆய்வில் அறுவை சிகிச்சையையே சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உள்காதுத் திரவத்தை வடிக்கும் உண்மையான ஆபரேஷன், மற்றவர்களுக்குக் காதின் பின்னெலும்பை மட்டும் திறந்து மூடியது. இரு தரப்பிலும் பெரும்பாலோர் தேறினார்கள்.

இனி உங்கள் டப்பாக்கள். வயிற்றில் பிள்ளை இருந்தாலோ, அதற்கு வாய்ப்பிருந்தாலோ வின்போசெட்டினை இன்றே தள்ளி வையுங்கள். கருச்சிதைவும் கருவுக்குப் பாதிப்பும் நேரலாம் என்று 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஜிங்கோ ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். லைசினும் பயோஃப்ளேவனாய்டும் மெனியருக்கு உதவும் என்று காட்டும் உறுதியான ஆய்வு கிடையாது. டப்பாக்களை அப்படியே டாக்டரிடம் எடுத்துப் போங்கள். தினமும் ஒரு நோட்டில் சுற்றிய நேரம், இரைச்சல், தூக்கம், உப்பு, எல்லாம் குறித்து வையுங்கள். நான்கையும் சேர்த்து விழுங்கினால் எது கேட்டது, எது கெடுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

கே: அப்படியானால் நான் சாப்பிடும் பீட்டாஹிஸ்டினை (வெர்ட்டின்) நிறுத்திவிடவா?

ப: நீங்களாக நிறுத்தாதீர்கள். கொடுத்துப் பார்க்கலாம் என்றே அமெரிக்க டாக்டர்களின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆஸ்துமாவோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: ஸ்டெமெட்டில் போட்டால்தான் அப்பாவுக்கு நாள் ஓடுகிறது. தினமும் தரலாமா?

ப: கூடாது. சுற்றல் வந்த வேளைக்கு அது நல்ல மருந்து. மாதக்கணக்கில் தொடர்ந்தால் முதியவருக்குக் கைநடுக்கமும் நடையில் விறைப்பும் வரலாம். மூளை தானாகத் தடுமாற்றத்தைச் சமாளிக்கப் பழகுவதும் தள்ளிப்போகும். இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.

கே: அப்பளம், ஊறுகாய், கருவாடு?

ப: உப்பைக் குறையுங்கள். ஆதாரம் மெலிதுதான், ஆனால் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது.

கே: எதற்கும் கேட்காவிட்டால்?

ப: செவிப்பறை வழியாக ஊசி இருக்கிறது. ஸ்டீராய்டு ஒன்று, ஜென்டாமைசின் ஒன்று. இரண்டாவது சமநிலை உறுப்பையே மங்கச் செய்வது, கேட்கும் திறனுக்கும் ஆபத்து உண்டு. 2016இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் இரண்டையும் ஒப்பிட்டபோது சுற்றலை ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைத்தன. எனவே ஸ்டீராய்டை முதலில் கேட்பதே என் கட்சி.

கே: எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ப: சுற்றலோடு பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கம் மரத்தால், நிற்கவே முடியாவிட்டால், அது பக்கவாதமாக இருக்கலாம். 108ஐ அழையுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் மெனியர்தானே என்று இருக்க வேண்டாம். அன்றோ மறுநாளோ டாக்டரிடம் போங்கள். அதற்கான ஸ்டீராய்டை நாள் கடத்தாமல் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.